தகரத்துக்கு இரண்டு சாட்சி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பாஸ்டர் சிங்களவர். சபையில் பாதிப்பேர் சிங்களம், பாதிப்பேர் தமிழ். அவர் சிங்களத்தில் ஒரு வரி பிரசங்கிப்பார், நான் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வேன். தமிழர் யாராவது சாட்சி சொல்ல வந்தால் அதைச் சிங்களத்தில் சொல்வதும் நான்தான். மாத்தளை டவுனில் ஒரு மருந்துக் கடையில் நாள் முழுக்க இரண்டு மொழியிலும் "சாப்பிட்டதுக்குப் பிறகு, வெறும் வயித்துல வேணாம்" என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது.

சாட்சி என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு ஆராதனையில் பாட்டுகள் முடிந்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் கூப்பிடுவார். காய்ச்சல் சுகமானவர், வேலை கிடைத்தவர், மகளுக்கு வரன் அமைந்தவர் என்று ஒவ்வொருவராக முன்னால் வந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். அதற்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கேட்டுக் கேட்டே வந்துவிடும். "மனுஷர் யாரும் கைகொடுக்கல, கர்த்தர் ஒருத்தரே தந்தார்" என்று முடிக்க வேண்டும். எல்லோரும் "ஆமென்" என்பார்கள். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரோ, வேலை வாங்கிக்கொடுத்த மச்சானோ இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. அக்கா தகரத்துக்காகச் சாட்சி சொல்லும்வரை நானும் யோசித்ததில்லை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். போன மழையில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து வந்து அக்கா இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் சுவரை உள்ளே தள்ளிவிட்டது. உயிர் தப்பியதே பெரிய காரியம். மண் மூடிய பாதை திறந்ததும் நான் போய் அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இருப்பது இரண்டு அறை. என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே பாய் போட்டுக்கொண்டேன். அவளுடைய முழங்கால் வலிக்குக் கடையிலிருந்து மருந்து கொண்டுவந்து, நானே தேய்த்தும் விட்டேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை.

வீடு இழந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஆளுக்கொரு துண்டுக் காணி கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்தக் காணிதான் அக்காவுக்கு எல்லாம். தாத்தா காலத்திலிருந்து தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராவிலேயே இருந்துவிட்டோம், ஆணி அடிப்பதற்குக்கூட ஒரு தரம் யோசிக்க வேண்டும். "எனக்கு மாளிகை வேணாம்டி, பூட்டிட்டு சாவிய என் இடுப்புல சொருகுறமாதிரி ஒரு கதவு போதும்" என்று அக்கா நாளுக்கு ஒருமுறையாவது சொல்வாள். அந்தக் காணி யாருக்கு, எது என்று முடிவு செய்வதில் பிரதேச சபை உறுப்பினர் ஒருவருக்குப் பெரிய கை இருந்தது. சிங்களத்தில் ஐயா என்பதுபோல எல்லோரும் அவரை மாத்தயா என்பார்கள். தேர்தல் வந்துகொண்டிருந்தது, அவர் மறுபடியும் நிற்கிறார்.

மாத்தயா முதலில் காணியைக் கொடுக்கவில்லை, தகரத்தைக் கொடுத்தார். லொறியில் கொண்டுவந்து, ஒரு தகரத்தின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொள்ள, நடுவில் அவர் சிரித்துக்கொண்டு நிற்க, அக்கா எதிரே கையேந்தி நிற்கப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் வாங்கி, திரும்பவும் கொடுத்தார்கள். பிறகு அத்தனை தகரத்தையும் என் வீட்டுப் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். கூரை வந்துவிட்டது, அதை வைக்க வீடுதான் இல்லை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்தத் தகர விளிம்பு என் காலைக் கிழித்தது. ஒவ்வொரு தடவையும் நான் மாத்தயாவைத் திட்டினேன்.

ஆனால் அக்காவுக்குச் சந்தோஷம். அடுத்த ஞாயிறு நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு சாட்சி சொல்லப் போனாள். மழையைச் சொன்னாள், மண் வந்ததைச் சொன்னாள், கண்ணீர் விட்டாள். "இப்ப எனக்குக் கூரைக்குத் தகரம் கெடச்சிருக்கு. மனுஷர் யாரும் கைகொடுக்கல, கர்த்தர் ஒருத்தரே தந்தார்" என்று முடித்தாள். நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நல்ல சத்தமாக, அழுத்தமாகவும் சொன்னேன். சபையே "ஆமென்" என்றது. எங்கள் ஆராதனையைப் போனில் எடுத்து நேரடியாகப் போடுகிற பழக்கம் கொரோனாக் காலத்தில் வந்தது, இன்னும் போகவில்லை.

அன்று பின்னேரமே மாத்தயாவின் இணைப்பாளர் எனக்குப் போன் எடுத்தார். அவர் தமிழர், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். மாத்தயாவுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் நடுவில் நின்று வேலை பார்க்கிறவர்.

"என்னாங்க இது? மாத்தயா வீடியோவப் பாத்துட்டாரு. யாருமே கைகொடுக்கலையாம். அப்ப லொறியில தகரம் ஏத்திக்கிட்டு வந்த நாங்க என்னா, பேயா?"

"அது சாட்சிங்க. அப்பிடித்தான் சொல்வோம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது."

"தமிழ்ல மட்டும் சொல்லியிருந்தா எங்களோட போயிருக்கும். நீங்கதானே அத சிங்களத்துல வேற சொன்னீங்க? அந்த ஒரு வரிய விட்டிருக்கலாம்."

"அவ சொன்னத நான் எப்பிடிங்க விடுறது?"

"சரி, நடந்தது நடந்து போச்சு. வாற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு மாத்தயா உங்க சர்ச்சுக்கு வாறாரு. அக்காவ ஒருக்கா எழும்பி அவரு பேரச் சொல்லி நன்றி சொல்லச் சொல்லுங்க. காணி விசயமும் இருக்குதானே." கடைசி வாக்கியத்தை மட்டும் மிக மெதுவாகச் சொன்னார்.

போனை வைத்த பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அடிபிடித்த பிறகு இறக்கினேன். ஒரு நன்றிக்காகவா இப்படி என்று கொதித்தது. கொடுத்தவன் கொடுத்ததைச் சொல்லிக் காட்டலாமா? ஊர்ச்சனம் கட்டிய வரியில் வாங்கிய தகரம்தானே? அப்படிப் பார்த்தால் அதில் என் பங்கும் இருக்கிறதே, எனக்கு யார் நன்றி சொன்னார்? அக்காவிடம் சொன்னதும் அவள் பயந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அவருக்குக் கோவமா?"

"பின்ன? காணியப் பத்தியும் இழுத்துப் பேசுறாரு அந்த ஆளு."

"பாவம். நான் அவர நெனச்சே பாக்கல" என்றாள் அக்கா. அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தாள்.

நான் பாஸ்டரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். எங்கள் சபைக் கட்டடத்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, அந்த அனுமதியும் அதே பிரதேச சபையில்தான் கிடக்கிறது. என்னை அவர் 'நங்கி', அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். நன்றி சொல்வது பாவமில்லை நங்கி, ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கும்படியும் வேதத்தில் இருக்கிறதே என்றார். இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல். எதைச் செய்வதற்கும் அதில் ஓரிடம் இருக்கிறது, அவரவர் தமக்கு வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொள்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை மாற்றினார். தேர்தல் வருகிறதே, வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் கட்சிகள் சொல்வதையும் வேதம் சொல்வதையும் ஒப்பிட்டு நீ பேசு, ஆனால் கட்சிப் பெயர் எதையும் சொல்லிவிடாதே என்றார். என் வாயை அடைக்க ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று கட்சிகளின் துண்டுப்பிரசுரங்களையும் மேசையில் விரித்தேன். பெயர் சொல்லக்கூடாது என்பதால் நானே பெயர் வைத்தேன். மாத்தயாவின் கட்சி 'குடுக்கிற கட்சி'. களவை ஒழிப்போம் என்று வரும் இளம் ஆட்களின் கட்சி 'களவு புடிக்கிற கட்சி'. தோட்டத்துச் சங்கத்தோடு சேர்ந்தது 'நம்ம ஆளுங்க கட்சி'. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கொழுந்து பறிக்கிறவர்கள், மற்றவர்கள் டவுனில் மிளகும் கறுவாவும் பொதி செய்கிறவர்கள். அக்கா கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் களவு புடிக்கிற கட்சியை எடுத்தேன். கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று வேதம் சொல்கிறது என்றதும் கொழுந்துக்காரப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழிப்பது அவர்களுக்கு அன்றாடம் நடப்பது. "அப்ப இதுதானே நம்ம கட்சி, ஜெபிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி விடவில்லை. அந்தப் பையன்கள் லயத்துக்கு வந்தபோது, நிவாரணத்துக்குக் கை நீட்டுகிறவர்களாலும்தான் நாடு நாசமானது என்று சொன்னார்களாம். "பசிச்சவ வாங்கித் தின்னா அதுவும் களவா? ஆண்டவரோட சீஷருங்க பசியில வயல்ல கதிரப் பிச்சுத் தின்னப்ப அவரு ஏசினாரா?" என்று கேட்டாள். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

நம்ம ஆளுங்க கட்சிக்கு எகிப்து தேசத்தை எடுத்தேன். அடிமைகளின் கூக்குரல் மேலே எட்டியது, அவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேற ஒருவன் வந்தான் என்றேன். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம், எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறகு அதே சனம் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று அடம்பிடித்ததையும் சொன்னேன். வருகிற ராஜா உங்கள் மகன்களைத் தன் ரதத்துக்கு முன்னால் ஓடவிடுவான், உங்கள் நல்ல நிலத்தை எடுத்துக்கொள்வான் என்று அவர்களுக்கு எச்சரிக்கை வந்ததே என்றேன். "என் மவன கூட்டத்துக்குன்னு லொறியில ஏத்திக்கிட்டுப் போயி, குடிவெறியில கொண்டாந்து வாசல்ல போட்டுட்டுப் போனாங்க. ரதம்தான் இல்ல" என்றாள் முன் வரிசையிலிருந்த ஒரு தாய்.

குடுக்கிற கட்சிக்கு வந்தபோது என் குரல் தானாக ஏறிவிட்டது. பசித்தவனுக்குச் சாப்பாடு, உடுப்பில்லாதவனுக்கு உடுப்பு என்பது வேதத்தில்தான் இருக்கிறது, அதை அவர்கள் செய்கிறார்கள், சரி. ஆனால் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றும் அங்கேதான் இருக்கிறது என்றேன். எக்காளம் ஊதிக்கொண்டு கொடுக்கிறவன் தன் கூலியை வாங்கியாயிற்று, மேலே அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றேன். "கொடுத்துவிட்டு, என் பெயரைச் சொன்னார்களா, என் பெயரைச் சொன்னார்களா என்று காத்திருக்கிறவன் கொடுக்கவே இல்லை" என்று மேசையில் தட்டிச் சொன்னேன். துண்டுப்பிரசுரம் ஒன்று பறந்து கீழே விழுந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடியும் நேரம் பொதி செய்யும் பெண் ஒருத்தி, திராட்சைத் தோட்டத்துக் கதை எந்தக் கட்சி என்று கேட்டாள். ஆண்டவர் சொன்ன கதை அது. விடியற்காலை வந்தவனுக்கும் பொழுதுசாயும் நேரம் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த முதலாளி. தோட்டத்தில் பறித்த நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கதை சுத்தமாகப் பிடிக்காது. "அஞ்சு மணிக்கு வந்தவனுக்கு முழுப்பேரா? அந்தத் தொரைக்கு எதிரா நானே ஸ்ட்ரைக் பண்ணுவேன்" என்றாள் ஒருத்தி. சிரித்து முடித்த பிறகு, அப்படிக் கொடுப்போம் என்று இந்த மூன்று தாளில் ஒன்றிலும் இல்லையே என்று கதையைப் பற்றிக் கேட்ட பெண்ணே மெதுவாகச் சொன்னாள். நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஒப்பிடப் போய், யாருக்கு வாக்குப் போடுவது என்று எனக்கிருந்த தெளிவும் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நரகம். கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இன்னொருவருக்கு எடுத்து நீட்டினேன், நல்ல காலம் அவர் பார்த்துச் சொன்னார். அக்கா என்ன பேசப்போகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பேர் சொன்னால், ஆண்டவருக்குப் போக வேண்டியதைத் தேர்தலுக்குக் கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் காணி போய்விடும், இந்த வயதில் அவள் யார் வீட்டு மூலையில் கிடப்பாள்? என் வீட்டில் இருக்கலாம்தான். ஆனால் அவளுக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும், அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது. கேட்கும்போதெல்லாம் "நீ சும்மா இருடி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். பாஸ்டரும் இரண்டு தடவை போன் எடுத்து, அக்கா ஆயத்தமா என்று கேட்டார்.

அந்த ஞாயிறு வந்தது. மாத்தயா வெள்ளை உடுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் இணைப்பாளர். இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிக்குக் கூப்பிட்டதும் அக்கா எழுந்து வந்தாள். போன தடவை உடுத்திய அதே சேலை. நான் இன்னொரு மைக்கோடு பக்கத்தில் நின்றேன்.

"போன தடவ நான் ஒரு தப்புச் சொல்லிப்புட்டேன்" என்று தொடங்கினாள். "மனுஷர் யாரும் கைகொடுக்கலன்னு சொன்னேன். கைகொடுத்தாங்க. கர்த்தர்தான் அனுப்பினார், ஆனா வந்தது மனுஷர்தான். அதனால இன்னைக்கு அவங்களச் சொல்றேன்." நான் சிங்களத்தில் சொன்னேன். மாத்தயா சேலை நுனி போலத் தொங்கிய தன் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். இணைப்பாளர் கண்ணாலேயே என்னிடம் நன்றி சொன்னார்.

"மண்ணு வந்ததும் மொதல்ல மம்பட்டியோட ஓடியாந்தது கீழ்க் கிராமத்து முதலாளி ஐயா. தண்ணிக் கொழாய்க்காக நான் அவரோட சண்ட புடிச்சிருக்கேன். அவரு புத்தர் பன்சலைக்குப் போறவரு. கதவ மூடியிருந்த மண்ண வெட்டி என்னைய வெளிய இழுத்தது அவருதான். ஸ்தோத்திரம்." சிங்களப் பக்கத்தில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

"ரெண்டாவது கடைக்கார முஸ்லிம் நானா. ஈரத்துல நடுங்கிட்டு நின்னப்ப கடையத் தொறந்து பாணும் தேத்தண்ணியும் குடுத்தாரு. நாங்க ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுறவரைக்கும் அவரு பேசாம நின்னாரு. ஸ்தோத்திரம்."

மூன்றாவதுதான் எனக்குச் சிக்கல். "மூணாவது மாரியம்மன் கோயில் ஆளுங்க. நாங்க வேதத்துக்கு வந்தப்பறம் அந்த வாசல மிதிச்சதில்ல. அவங்க கோயில் மண்டபத்தத் தொறந்து, பாய் போட்டு, எங்கள அங்க படுக்கவச்சாங்க. யாரும் ஒரு வார்த்த குத்திப் பேசல. ஸ்தோத்திரம்." எங்கள் சபையில் கோயிலுக்கு நன்றி என்று மைக்கில் சொல்வதா? பாஸ்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை விட்டுவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னேன். பிறகு பாஸ்டரே மெதுவாக "ஆமென்" என்றார்.

அடுத்தது களவு புடிக்கிற கட்சிப் பையன்கள். அவளுடைய அலுமாரியைச் சேற்றிலிருந்து தூக்கிக் கழுவிக் கொடுத்தார்களாம். மாத்தயா காலை மாற்றிப் போட்டார். அதற்கடுத்தது சங்கத்துத் தலைவர், அரிசிக்கு வழி செய்தவர். அதற்கடுத்தது பாஸ்டர், பாதை அடைபட்டிருந்தபோது தினமும் போனில் ஜெபித்தவர். வந்தவர்களை வந்த வரிசையிலேயே சொன்னாள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்தோத்திரம், ஒவ்வொருவருக்கும் ஒரு ஆமென். வீடியோ எடுத்தவர் கை வலித்து மற்றக் கைக்கு மாற்றினார். எனக்கோ பயம் போய் உள்ளுக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது.

"கடைசியா வந்தது மாத்தயா. தகரம் கொண்டாந்தாரு. நல்ல தகரம். அவருக்கும் நன்றி, ஸ்தோத்திரம். காணி இன்னும் வரல. அது வந்த அன்னைக்கு அதையும் இங்கயே வந்து சொல்வேன்." அதையும் ஒரு எழுத்துக் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன். சபை முழுக்க "ஆமென்" என்றது, முன்னைய எல்லாவற்றையும்விடச் சத்தமாக. மாத்தயா எழும்பி, போன்கள் தன் பக்கம் திரும்பியதும் சிரித்து, அடுத்த கிழமை நில அளவைக்கு ஆள் வருவார் என்றார். வேறு என்ன சொல்வார்?

அந்த ஆமெனோடு அக்கா மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் அங்கேயே நின்றேன். இன்னும் ஒன்று வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். பாதை திறந்ததும் போய்க் கூட்டி வந்தது யார், கட்டிலைக் கொடுத்தது யார், தகரத்தில் காலைக் கிழித்துக்கொண்டது யார்? ஒரு வார்த்தை இல்லை. பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார், முதல் இரண்டு வரியை நான் தமிழில் சொல்லவே இல்லை.

நில அளவையாளர் உண்மையாகவே வந்தார். முளை அடித்தார்கள். அக்காவுக்கு விழுந்தது கடைசித் துண்டு, ஓடையோரம், சரிவு. அது தற்செயலாகவும் இருக்கலாம். நடுவில் மாத்தயாவின் படம் போட்ட பலகை ஒன்றையும் நட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அதன் காலில் ஒரு கயிற்றைக் கட்டித் துணி காயப்போட்டாள். அடுத்த ஞாயிறு சொன்னபடியே எழும்பிக் காணிக்கும் நன்றி சொன்னாள். அந்தச் சாட்சியிலும் நான் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன், கதவைச் சத்தமாக மூடினேன். அக்கா "ஒனக்கு ஒடம்புக்கு என்னா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் மகன் கொழும்பிலிருந்து லீவில் வந்து அந்தத் துண்டில் ஒரு கொட்டில் கட்டி முடித்தான், கூரைக்கு மட்டும் தகரம் போக வேண்டும். அதை ஏற்ற வாகனம் வந்த அன்று, அவளுடைய துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு வெடித்துவிட்டது.

"எல்லாரையும் சொன்னியே. சண்ட புடிச்சவரச் சொன்ன, கோயிலச் சொன்ன, ஒனக்கு அரிசி குடுத்தவன், அலுமாரி கழுவினவன், எல்லாரையும் சொன்ன. நான் யாரு ஒனக்கு? என் வாயாலதானே அத்தன பேரையும் சிங்களத்துல சொல்லவச்ச?"

அக்கா முடிச்சை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீதானேடி அன்னைக்கு மேசையில தட்டித் தட்டிச் சொன்ன, வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு. மத்தவங்க எப்பிடிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நீ அப்பிடித்தான் குடுத்தேன்னு நெனச்சேன். அதான் வாயே தொறக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "வேணும்னா வாற ஞாயிறு சொல்றேன்."

"வேணாம்" என்றேன். முகம் எரிந்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம், நீ போய் வீட்டப் பாரு."

தகரம் எல்லாம் போய்விட்டது. பின்சுவர் வெறுமையாகக் கிடக்கிறது, நான் மறுபடியும் என் கட்டிலில் படுக்கிறேன். அடுத்த ஞாயிறு அக்கா எல்கடுவயிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, வழக்கமான வாங்கில் உட்கார்ந்தாள். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, அக்கா எழும்புகிறாளா என்று பார்த்தேன்.